மடியில் வந்த அமானிதம்

பிள்ளைச் செல்வம் இறைவன் நாடியவருக்கு நாடியபோது அருளும் கொடை. இதனை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. அறிந்திருந்தும், மணமாகி ஐந்தாறு ஆண்டுகள் கடந்த பெண்ணைப் பார்த்து, "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத உறவினர் நம்மில் அரியர். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கி வாழ்ந்தவர்கள் என் தம்பியும் அவன் மனைவியும். பின்னர் அவர்கள் ஒரு பெண் குழந்தையை ஏற்று வளர்க்கத் தொடங்கினர். அப்போது சட்டம் அவர்களிடம் என்ன கேட்டது, மார்க்கம் என்ன கேட்டது, கைப்பணம் எவ்வளவு செலவாயிற்று என்பதையெல்லாம் உடனிருந்து பார்த்தவன் நான். இப்பொருள் பற்றி நம் சமுதாயத்தில் அரைகுறைச் செய்திகளே மிகுதியாக உலவுகின்றன. ஆதலால் கண்டதையும் கேட்டுத் தெளிந்ததையும் எழுதி வைப்பது பயன் தரும் எனக் கருதுகிறேன்.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் தென்னையும் விளைகின்றன. எங்கள் குடும்பத்துக்கு அங்கே ஒரு தென்னந்தோப்பும், கடைவீதியில் தம்பி நடத்தும் ஜவுளிக்கடையும் உண்டு. 2006ஆம் ஆண்டில் தம்பிக்கு நிகாஹ் நடந்தது. நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து, பிறகு மதுரைக்கு மருத்துவம் பார்க்கப் போகத் தொடங்கினர். விடியற்காலைப் பேருந்தில் ஏறித் தேனி, உசிலம்பட்டி வழியே சென்று இரவில் திரும்புவார்கள். தோப்பில் பாதி அந்தச் செலவில் கரைந்தது. 2018ஆம் ஆண்டில் தம்பி மனைவியே, "போதும் மச்சான், இனி ஊசி வேண்டாம். பெற்றோரில்லாத பிள்ளை ஒன்றை வளர்க்க வழியுண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சொன்னார்.

தொட்டிலின் வரலாறு

கைவிடப்பட்ட குழந்தைக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. தேனிக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படும் கொடுமையை 1986ஆம் ஆண்டில் ஆங்கில ஏடொன்று வெளியிட்டபோது நாடே திடுக்கிட்டது. 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. "கொல்ல வேண்டா, வளர்க்க இயலாவிடில் இத்தொட்டிலில் இட்டுச் செல்க" என்பதே அதன் பொருள். 2001ஆம் ஆண்டில் அத்திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அறியாமைக் காலத்து அரபு மக்கள் பெண் மக்களை உயிரோடு புதைத்த செய்தியையும், புதைக்கப்பட்ட அப்பெண் எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் வினவப்படும் எனத் திருமறை எச்சரிப்பதையும் நாம் பள்ளிவாசல் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அது ஏதோ ஒரு பாலைவனத்துப் பழங்கதை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். நாம் பேருந்தில் கடந்து போகும் ஊர்களிலும் அது நடந்தது என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

தரகர் காட்டிய வழி

குழந்தை வேண்டுமென்ற பேச்சு வெளியே கசிந்ததும் ஒரு தரகர் வீடு தேடி வந்தார். மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்தால் பிறந்த குழந்தையை நேரே கையில் தருவதாகவும், இவர்களே பெற்றதாகப் பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தருவதாகவும் கூறினார். "பதிவும் இல்லை, காத்திருப்பும் இல்லை" என்றார். தம்பி சற்றுத் தயங்கியது உண்மை. ஆனால் அவன் மனைவி உள்ளறையிலிருந்தே, "பெற்றவள் எங்கே? அவள் சம்மதித்துத்தான் கொடுத்தாளா?" என்று கேட்டார். தரகரிடம் அதற்கு விடை இல்லை. தேநீரைக்கூட முழுதும் பருகாமல் எழுந்து போனார்.

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளை விலை பேசிய குரல்பதிவு வெளியாகிக் கைது நடவடிக்கைகள் தொடர்ந்தன. 2021ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு காப்பகத்துக் குழந்தைகள் நோயால் இறந்ததாகக் கணக்கெழுதப்பட்டு விற்கப்பட்ட செய்தி வந்தது. அச்செய்திகளைப் படித்தபோதெல்லாம் தம்பி மனைவி கேட்ட அந்த ஒரு கேள்வியை நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி, குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. முறைப்படி இல்லாமல் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும்கூட மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இதில் கருதத்தக்க ஒன்று உண்டு. பெறாத பிள்ளையைப் பெற்றதாக எழுதிக்கொள்ளும் பொய்ச் சான்றிதழ், நாட்டுச் சட்டமும் நம் மார்க்கமும் ஒருசேர விலக்கிய செயல். இரண்டும் எங்கெங்கே முரண்படும் என்று அஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு, முதலில் எதிர்ப்பட்டது இரண்டும் ஒத்து நிற்கும் இடமாகவே இருந்தது.

சட்டம் திறந்த வாயில்

1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு உரியது. ஏனையோருக்கு நெடுங்காலம் இருந்தது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமே. அதன்படி மாவட்ட நீதிமன்றம் ஒருவரைப் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் அவ்வுறவு சட்டப்படி முடிந்துபோகும். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா ஒன்று 1972ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டபோது நம் பெருமக்கள் எதிர்த்தனர். 1978ஆம் ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. 1980ஆம் ஆண்டின் மசோதா முஸ்லிம்களை விலக்கியே எழுதப்பட்டது; அதுவும் சட்டமாகவில்லை.

2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மதம் பாராமல் எவரும் குழந்தையை ஏற்க வழிசெய்தது. தாம் வளர்த்த பெண்ணுக்குச் சட்டப்படியான தாயாக விரும்பிய ஷப்னம் ஹாஷ்மி என்னும் அம்மையார் 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்றார். அனைத்திந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் அவ்வழக்கில் தலையிட்டு, இஸ்லாம் வகுத்த முறை கஃபாலா என்றும், ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையே அதனை ஏற்றிருக்கிறது என்றும் எடுத்துரைத்தது. 2014 பிப்ரவரி 19ஆம் நாள், தமிழரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. இச்சட்டம் விரும்பியவருக்கு வழி திறப்பது. எவரையும் இவ்வழியே வா என்று வற்புறுத்தாது. தம் தனியார் சட்டத்தையே பின்பற்ற விழைவோர் அவ்வாறே செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே இன்று ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உள. உறவினர் பிள்ளை போன்ற அறிந்த பிள்ளைக்குப் பாதுகாவலர் சட்டம் ஒன்று. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறும் வளர்ப்புப் பராமரிப்பு மற்றொன்று. வமிசத்தை மாற்றாததால் இது கஃபாலாவுக்கு மிக நெருங்கியது. மூன்றாவது, முழுத் தத்தெடுப்பு. கைக்குழந்தை ஒன்றை நிலையாக ஏற்று வளர்க்க விரும்பியதால் தம்பி மூன்றாவது வழியில் சென்றான்.

காத்திருப்பும் கட்டணமும்

இதற்கென மத்திய அரசின் தத்தெடுப்பு வள ஆணையம் உள்ளது; காரா என்பது அதன் சுருக்கப் பெயர். 2018 ஜூன் மாதத்தில் அதில் பதிவு செய்தோம். புகைப்படம், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றோடு திருமணச் சான்றும் வேண்டியிருந்தது. பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிகாஹ் புத்தகத்திலிருந்து நகல் எடுத்து இணைத்தோம். கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்க்கும் விதி ஒன்று உண்டு. அப்போது நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அக்கூட்டுத்தொகை 90க்கு மேற்படக்கூடாது. 2022ஆம் ஆண்டின் புதிய விதிகளில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85 எனவும், இரண்டு முதல் நான்கு வயது வரை 90 எனவும் வகுக்கப்பட்டது. காலம் கடத்துவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்தார். சமையலறையைப் பார்த்தார், என் தாயாரோடு பேசினார். எண்பது வயதைக் கடந்த எங்கள் அம்மா, "யார் பெற்ற பிள்ளையோ, நம் வீட்டுக்கு எதற்கு?" என்று அவரிடமே சொல்லிவிட்டார். அவரோ முகம் கோணாமல், "நீங்கள் மனம் ஒப்பினால்தான் பிள்ளைக்கு நல்லது பாட்டி. யோசித்துச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுப் போனார்.

பின்னர் நெடிய காத்திருப்பு. கேட்போர் பல்லாயிரவர், சட்டப்படி ஏற்புக்குரியவர் என அறிவிக்கப்படும் குழந்தைகளோ மிகச் சிலர். 2024-25ஆம் ஆண்டில் நாடு முழுதும் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேரே. கைக்குழந்தை வேண்டுவோர் இன்று மூன்றாண்டுக்கு மேலும் காத்திருக்கின்றனர். ஒரு குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு ஏற்புக்குரியதென அறிவிப்பதற்குள் செய்ய வேண்டியவை உள. பெற்றவர் தாமே ஒப்படைத்திருந்தால், மனம் மாறித் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாதம் தரப்படுகிறது. தரகர் "தேவையில்லை" என்று சொன்ன காத்திருப்பின் ஒரு பகுதி, பெற்றவள் அழுது முடிக்கத் தரப்படும் அவகாசம்.

2021 பிப்ரவரியில் அழைப்பு வந்தது. வேறொரு மாவட்டத்து இல்லத்தில் ஐந்து மாதப் பெண் குழந்தை. 48 மணி நேரத்திற்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து, நேரில் சென்று பார்த்து, பராமரிப்பு உறுதிமொழியில் கையொப்பமிட்டு அழைத்து வந்தோம். நீதிமன்ற ஆணை பெருந்தொற்றுக் காலத்தில் தாமதமாகி ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது. 2022 செப்டம்பர் முதல் இவ்வாணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

செலவுக் கணக்கைக் கேட்பவர் பலர். அன்று நடப்பிலிருந்த 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இல்ல ஆய்வுக்கு 6,000 ரூபாய். குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய். பின்னர் இரண்டாண்டுகளில் நான்கு முறை வந்து பார்ப்பதற்கு முறைக்கு 2,000 வீதம் 8,000 ரூபாய். ஆக 54,000 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் இரசீது உண்டு. இதற்கு மேல் நன்கொடை வாங்கக்கூடாது என்பது விதி. எவரும் கேட்கவும் இல்லை. தொகைகள் விதி திருத்தப்படும்போது மாறக்கூடும். ஆதலால் புதிதாக விண்ணப்பிப்போர் காரா அறிவித்துள்ள அன்றைய கட்டணத்தைக் கேட்டறிந்து இரசீதோடு செலுத்துவதே முறை. மதுரை மருத்துவத்துக்கு விற்ற தோப்பின் விலையில் இது மிகச் சிறு பகுதி.

மார்க்கம் கேட்ட விலை

மார்க்கம் கேட்டது இன்னும் பெரிய விலை. அதற்கு இரசீது கிடையாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களைத் தம் மகனாக அறிவித்திருந்தார்கள். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறும், தந்தையர் இன்னாரென அறியாவிடில் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் இறைவன் கட்டளையிட்டான். ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். ஆனால் அண்ணலாரின் அன்பில் அணுவளவும் குறைவு நேரவில்லை. அவருடைய மகன் உஸாமாவையும் தம் பேரனைப் போலவே நேசித்தார்கள். நபித்தோழர்களில் திருக்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் ஸைத் ஒருவரே. தந்தையைக் காணாது பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரும் பின் பெரிய தந்தையும் வளர்த்த அநாதை நம் பெருமானார். அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள்போல் நெருங்கியிருப்பார் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். பெயரை மாற்றாதே என்ற கட்டளையையும் பிள்ளையைத் தள்ளாதே என்ற கட்டளையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்தே தந்தை. தத்தெடுப்பு ஆணைக்குப் பின் பிறப்புச் சான்றிதழில் தம்பியும் அவன் மனைவியுமே பெற்றோராகக் குறிக்கப்பட்டனர். இது குறித்து எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, கிதாபுகளைப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவர் சொன்னது இது: "பெற்ற தகப்பன் இன்னாரென்று தெரியாத பிள்ளை. அரசாங்க ஏட்டிலுள்ள பெயர் அவளுக்கு ஒரு வேலி. உங்கள் நாவிலுள்ள பேச்சு உண்மையாக இருக்கட்டும். அவளிடம் ஒருபோதும் மறைக்காதீர்கள்." ஏட்டிலும் அவ்வாறு எழுதக்கூடாது, பாதுகாவலர் என்றே இருக்கவேண்டும் என்னும் ஆலிம்களும் உளர். அவ்வழி நிற்போர் வளர்ப்புப் பராமரிப்பை நாடலாம்.

அடுத்த வினா மஹ்ரம் பற்றியது. பெண் பருவமடைந்தபின் வளர்த்த அத்தாவிடமே திரை வேண்டியிருக்குமே என்று அம்மா கவலைப்பட்டார். அதற்கும் ஷரீஅத்திலேயே வழி இருந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் ஒருத்தி பாலூட்டினால் அவள் பால்தாய். அவளுடைய உறவினர் குழந்தைக்கும் அவ்வாறே உறவினர். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை ஊட்ட வேண்டும். எங்கள் இராவுத்தர் மக்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும். அப்போது உத்தமபாளையத்திலிருந்த என் மகள் கைக்குழந்தைக்காரி. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவள் இக்குழந்தைக்கும் சில நாட்கள் பாலூட்டினாள். இதனால் குழந்தை எனக்குப் பால்வழிப் பேத்தி. தம்பிக்கு அண்ணன் மகளின் மகள். இருவருக்கும் மஹ்ரம். "யார் பெற்ற பிள்ளையோ" என்ற என் தாயார், பேத்தி ஊட்டுவதை அருகிருந்து பார்த்துவிட்டு, "இனி நம் வீட்டுப் பால் குடித்தவள்" என்றார். அதன்பின் பழைய சொல்லை எடுக்கவில்லை.

பங்கும் பத்திரமும்

மூன்றாவது வினா சொத்து. இதில் நானும் ஒரு கட்சிக்காரன் என்பதை வாசகர் அறிய வேண்டும். பெற்ற பிள்ளையின்றி ஒருவர் இறந்தால், ஷரீஅத்படி மனைவிக்குக் கால் பங்கு. உடன்பிறந்தார் இருவர் இருப்பின் தாய்க்கு ஆறில் ஒன்று. எஞ்சியது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என உடன்பிறந்தாருக்கு. அதாவது தம்பியின் கடையிலும் மீதத் தோப்பிலும் பெரும் பங்கு எனக்கும் என் தங்கைக்கும் வரும். எனக்குப்பின் என் பிள்ளைகளுக்கு. வளர்ப்பு மகளுக்கு அப்பங்கீட்டில் இடமில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப்பிள்ளையை எல்லா உரிமைக்கும் உரிய பிள்ளையாகவே கருதுகிறது. இரண்டுக்கும் இடையே நாளை ஒரு வழக்கு எழுந்தால், அதில் எதிர்க்கட்சியாக நிற்பவர்கள் என் மக்களாகவே இருப்பர்.

மார்க்கம் இதற்கும் இரு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுப்பதற்கோ அவ்வளவும் வரம்பில்லை. கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். முஸ்லிம்களின் ஹிபா வாய்மொழியாலும் செல்லும். ஆயினும் எழுதிப் பதிவு செய்வதே பிற்காலச் சச்சரவைத் தடுக்கும்.

தம்பி, கடைவீதியில் வாடகைக்கு விட்டிருந்த ஒரு கடையைப் பெண்ணின் பெயருக்கு ஹிபா செய்தான். கைவசம் என்பது சொல்லளவில் நில்லாதிருக்க, அம்மாதம் முதல் வாடகை அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஏனைய சொத்தில் மூன்றிலொன்றுக்கு வஸிய்யத்தும் எழுதினான். சாட்சிக் கையொப்பத்துக்கு என்னை அழைத்தபோது என் இரு மகன்களையும் உடன் அழைத்துச் சென்றேன். "அத்தா, இது நமக்கு வரவேண்டியதுதானே?" என்று இளையவன் வழியில் கேட்டான். "சச்சா உயிரோடிருக்கையில் அவர் பொருள் அவருடையது. இறந்தபின் வருவதை மட்டும் அல்லாஹ் பங்கிட்டிருக்கிறான்" என்றேன். சற்று நேரம் பேசாது வந்தவன், பதிவகத்தில் இரண்டாம் சாட்சியாகத் தானே முன்வந்து கையொப்பமிட்டான்.

குழந்தைக்கு மூன்று வயதானது முதல், தம்பி மனைவி அவளுக்குத் தூங்கும் நேரத்தில் ஒரு கதை சொல்கிறார். இன்னோர் அம்மா அவளைப் பெற்ற கதை. அத்தாவும் அம்மாவும் நெடுநாள் காத்திருந்த கதை. உத்தமபாளையத்து அக்கா பால் தந்த கதை. பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்ட அவளுக்கு அக்கதையில் ஒரு சொல் மாறினாலும் பொறுப்பதில்லை. ஆணையும் இல்லத்து அறிக்கையும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குப்பின் தன் பிறப்பின் மூலத்தைத் தேட அவள் விரும்பினால் விதிகள் அதற்கும் இடம் தருகின்றன.

பிள்ளையில்லாத தம்பதியர் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் உளர். அவர்களிடம் "விசேஷம் உண்டா" என்று கேட்பதை விட்டு, இவ்வழிகளை எடுத்துச் சொல்லும் ஒருவர் ஜமாஅத்துக்கு ஒருவராவது வேண்டும். உடன்பிறந்தோர், தமக்கு வரக்கூடிய பங்கை மனத்தில் வைத்துத் தடை சொல்லாதிருத்தல் வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், ஒருநாள் அப்பெண்ணுக்கும் நிகாஹ் நடக்கும். ஜமாஅத் புத்தகத்தில் தந்தை பெயர் என்னும் இடம் வரும்போது, தன் பெயரை எழுதி அருகில் "வளர்த்தவர்" என்று சேர்க்க வேண்டுமெனத் தம்பி இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறான். அதனை எழுதும் நாள் வரை எங்களுக்கு ஆயுளையும், அவளுக்கு நல்வாழ்வையும், அவளைப் பெற்ற அந்த அறியாத் தாய்க்கு மன அமைதியையும் வல்ல நாயன் அருள்வானாக.